எழுதத் தெரிந்த கதவு

மாலை ஆறு பத்துக்கு வேலையிலிருந்து வரும் காயில்காரன் கொஞ்ச நாளாக நேரே வீட்டுக்குள் போவதில்லை. ஷட்டருக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்துவான். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, அது வீட்டு வைஃபையைப் பிடிக்கும் வரை சுவரோடு சாய்ந்து நிற்பான். பிடித்ததும் ஒரு பக்கம் திறக்கும். அதில் வரிசையாக மணி நேரங்கள் இருக்கும். அன்று கதவு எப்போதெல்லாம் திறந்தது என்ற கணக்கு. அதை மேலிருந்து கீழே படித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவான். ஷட்டர் கடகடவென்று மேலே சுருளும்.

மாடிப்படியில் நின்றிருக்கும் மனைவிக்கு ஸ்கூட்டர் சத்தம் நிற்பது கேட்கும். அதன் பிறகு வெகுநேரம் கதவு திறக்காததும் தெரியும்.

"ஏங்க, வெளிய நின்னு என்ன பண்றீங்க? சொந்த வீட்டுக்குள்ள வர்றதுக்கு யார்கிட்ட அனுமதி கேக்குறீங்க?"

"சிக்னல் வரணும்ல."

"எனக்கெல்லாம் உடனே வருது. உங்களுக்கு மட்டும் அது எங்கேயிருந்து நடந்து வருது?"

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு படியேறுவான்.

அந்த வீட்டுக்குத் தனி வாசல் கிடையாது. கீழே வண்டி ஷெட், அதற்குள்ளிருந்து படி, மேலே இரண்டு அறை. யார் வந்தாலும் போனாலும் ஷட்டரைத் தாண்டித்தான் ஆக வேண்டும். காலை ஐந்து இருபதுக்கு மனைவி கிளம்புவாள். அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஆறிலிருந்து ஒரு மணி வரை படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவாள். அவள் கை வேகத்தைப் பார்த்து அங்கே எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பகல் ஒன்றரைக்கு வீடு திரும்புவாள். காயில்காரன் ஏழு நாற்பதுக்கு மோட்டார் கடைக்குப் போய், எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிவிட்டு ஆறு பத்துக்கு வருவான். இருபது வருஷமாக இந்த நேரங்கள் மாறியதில்லை.

ஷட்டருக்கு முதலில் ஒரு கம்பெனிப் பெட்டி இருந்தது. போனைத் தட்டினால் கதவு திறக்கும். எட்டு மாதம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஒருநாள் அந்தக் கம்பெனியிடமிருந்து போனுக்கு ஒரு விளம்பரம் வந்தது. 'உங்கள் வீடு காலை 7.40 முதல் பகல் 1.30 வரை ஆளில்லாமல் இருக்கிறது. காவல் கேமரா வேண்டுமா?'

படித்ததும் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "நாம எப்ப வீட்ல இல்லன்னு இவனுக்கு எப்படித் தெரியும்? திருடன்கூட நாலு நாள் தெருவுல நின்னு நோட்டம் விட்டாத்தானே தெரிஞ்சுக்குவான்!"

"நாம தட்டினா கதவு நேரா திறக்கல. எங்கேயோ இருக்கிற அவங்க சர்வருக்குப் போய்க் கேட்டுட்டு வந்துதான் திறக்குது. கேக்கறப்பல்லாம் அவன் குறிச்சு வச்சுக்கறான்."

"நம்ம கதவுக்கும் நமக்கும் நடுவுல எவனோ எதுக்கு உக்காந்திருக்கணும்? பிடுங்கி எறிங்க அத."

அவன் பிடுங்கி எறிந்தான். பதிலுக்குத் தானே ஒன்று செய்யக் கிளம்பினான். நானூறு வோல்ட் மோட்டாருக்குப் பழகிய கை அது. மூன்று வோல்ட்டில் ஓடும் விரலகலச் சர்க்யூட் போர்டு அந்தக் கைக்குக் கொசு மாதிரி இருந்தது. இரண்டு போர்டுகள் புகைந்து போயின. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மூன்றாவதை உயிரோடு நிறுத்தினான். சுவரிலிருந்த பொத்தானின் இரண்டு ஒயர்களோடு ஒரு ரிலேயை, அதாவது கரண்டில் தானே அழுந்தும் சின்ன ஸ்விட்சை, இணைத்தான். போனில் தட்டினால் போர்டு அந்த ரிலேயை ஒரு நொடி தட்டும், மோட்டார் ஓடும். கதவு முழுக்க மூடியதா, முழுக்கத் திறந்ததா என்று தெரிய அடியில் ஒன்றும் மேலே ஒன்றுமாகக் காந்த ஸ்விட்ச் வைத்தான். எல்லாம் வீட்டு வைஃபைக்குள்ளேயே நடக்கும். வெளியே ஒரு சொல்கூடப் போகாது. இதையெல்லாம் போட்டு மூட மனைவி தன் பழைய சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள்.

முதல் தடவை கதவு திறந்தபோது அவள் கைதட்டினாள். "இப்பத்தான் இது நம்ம கதவு."

ஒரே ஒரு குறை. வெளித்தொடர்பு இல்லாத பெட்டிக்கு நேரம் சொல்ல ஆள் கிடையாது. ஒருமுறை கையால் மணி வைத்தான். பிறகு அதுவே எண்ணிக்கொண்டு போகும். நிமிஷத்துக்கு ஒருதரம் அந்த மணியைக் குறித்துக்கொள்ளும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால், நின்ற இடத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். கடிகாரத்துக்கென்று தனியாக ஒரு சில்லும் பேட்டரியும் வைக்கலாம் என்று வீடியோவில் சொன்னார்கள். "விடு, கதவுக்கு மணி எதுக்கு?" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே டப்பாவை மூடிவிட்டான்.

அப்படியானால் திறந்த நேரங்களை ஏன் எழுத வைத்தான்? முதலில் சோதனைக்காகத்தான். காந்தம் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு பட்டியல் தேவைப்பட்டது. சோதனை முடிந்தது. பட்டியலை மட்டும் அவன் எடுக்கவில்லை, மனைவியிடம் சொல்லவும் இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டான். இருந்ததால் பார்த்தான். பார்த்துப் பார்த்து, பார்க்காவிட்டால் என்னவோ போல் ஆகிவிட்டது.

கடையில் இன்னொருவன் உண்டு. வாய் ஓயாது என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

"அண்ணே, உங்க வீட்டுக் கதவு எழுதப் படிக்கத் தெரிஞ்ச கதவாமே. சாயங்காலம் போனா யாரப் பத்தி என்ன புகார் சொல்லுது?"

"உன்னப் பத்திதான். சத்தம் தாங்கலையாம்."

"சிரிக்காதீங்கண்ணே. பகல்ல யாரு வர்றா, யாரு போறான்னு வீட்டு ஆம்பளைக்குத் தெரியறது நல்லதுதானே. எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க. கதவு திறக்காட்டியும் பரவாயில்ல, எழுதினா போதும்!"

கடை முழுக்கச் சிரித்தது. காயில்காரனும் சிரித்தான். ஆனால் அன்று மாலை பட்டியலைப் படித்தபோது அவன் விரல் வழக்கத்தைவிட மெதுவாக இறங்கியது.

அந்தச் சனிக்கிழமை, பட்டியலில் ஐந்து இருபது இருந்தது. ஏழு நாற்பது இருந்தது. அதற்குக் கீழே ஒன்பது முப்பது என்று இருந்தது.

ஒன்று முப்பதைக் காணவில்லை.

ஒருமணி வரை வேலையில் இருக்க வேண்டியவள் ஒன்பதரைக்கே வந்திருக்கிறாளா? அவன் மேலே போனான். அவள் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எத்தன மணிக்கு வந்த?"

"எப்பவும் போல ஒன்றரைக்குத்தான். வந்து பாத்தா ஃப்ரிட்ஜுக்கு அடியில ஒரே தண்ணி. ஐஸ் எல்லாம் உருகித் தரையெல்லாம்..."

அவன் 'ம்' என்றான். அவள் சொன்ன முதல் வாக்கியத்தோடு அவன் காது மூடிக்கொண்டது. பொய் சொல்கிறாள் என்ற ஒரு சொல் உள்ளே உட்கார்ந்துவிட்டால் அதற்குமேல் எதுவும் உள்ளே போகாது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வெளியே போகவில்லை. காலையில் அவன் மறுபடி போனை எடுத்துப் பார்த்தான். சனிக்கிழமை வரிசையில் ஒன்பது முப்பதுக்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. பிற்பகல் இரண்டு பத்து. முந்தின நாள் மாலை ஒன்பது முப்பதிலேயே கண் நின்றுவிட்டதால், அதற்குக் கீழே என்ன இருந்தது என்று அவனுக்கு நினைவில்லை. இரண்டு பத்துக்கு அவள் வீட்டில் தனியாக இருந்திருக்கிறாள். அப்படியானால் கதவைத் திறந்து வந்தது யார்? தான் வந்த ஆறு பத்து அந்த வரிசையில் இல்லை என்பது அவன் கண்ணில் படவே இல்லை. அவன் தன்னைத் தேடவில்லையே.

அன்று முழுக்க அவளைப் பார்த்தான். தலை வாரும்போது பார்த்தான். போனில் அக்காவோடு பேசும்போது பார்த்தான். அவள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள் என்று நினைத்தான். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று நினைத்தான்.

"உடம்பு சரியில்லையா?" என்று அவள் நெற்றியில் கை வைத்தாள். அவன் தலையை நகர்த்திக்கொண்டான். அவள் கை ஒரு நொடி அந்தரத்திலேயே நின்றது.

திங்கட்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு நண்பகலில் சலவைக்கூடத்துக்குப் போனான். நீளமான கூடம். ஒரு பக்கம் ஆளுயர உலர்த்தும் இயந்திரங்கள் ஏழெட்டு உருண்டுகொண்டிருந்தன. எதிர்ப் பக்கம் மேசைகளில் பெண்கள் இரண்டிரண்டு பேராக நின்று விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூடத்தின் மேற்பார்வையாளரை எல்லோரும் டீச்சரம்மா என்பார்கள். பாடம் எதுவும் நடத்துவதில்லை, அதட்டல் மட்டும்தான்.

"சனிக்கிழமை என் வீட்டுக்காரி எத்தன மணிக்குப் போனா?" என்றான் காயில்காரன்.

"கேக்கலப்பா, சத்தமாச் சொல்லு."

அவன் கத்தினான். "சனிக்கிழமை என் பொண்டாட்டி எத்தன மணிக்கு இங்கேர்ந்து போனா? ஒன்பதரைக்கே வீட்டுக்கு வந்திருக்கா, அதுக்கப்புறம் ரெண்டு மணிக்கு எவனோ..."

அவனுக்குப் பக்கத்திலிருந்த இரண்டு பெரிய இயந்திரங்களும் வேலை முடிந்து அந்த நேரத்தில்தான் நின்றன. 'எவனோ' என்ற சொல் கூடத்தின் கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பி வந்தது. மடித்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. மூன்றாவது மேசையில் நின்ற மடிப்பக்காவின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக எல்லோரும் துணியைப் பார்த்தார்கள்.

டீச்சரம்மா கைரேகை வருகைப் பதிவுத் தாள்களைப் புரட்டினார். "சனிக்கிழமை ஒரு மணி ரெண்டு நிமிஷத்துக்கு விரல் வச்சுட்டுப் போயிருக்கா. அதுவரைக்கும் இங்கதான் நின்னா. நான் சாட்சி, இந்த முப்பது பேரும் சாட்சி." குரலைத் தாழ்த்தினார். "உனக்கு இன்னும் ஏதாவது கேக்கணுமாப்பா?"

மனைவி அவனிடம் வந்தாள். "வேலை ஒரு மணிக்கு முடியும். வெளிய நில்லுங்க." அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிப் போய் விரிப்பின் நுனியை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஸ்கூட்டரில் ஏறவில்லை. பஸ்ஸில் வந்தாள். அவன் முன்னால் வந்து ஷட்டருக்கு வெளியே காத்திருந்தான். அவள் வந்து தன் போனிலேயே கதவைத் திறந்தாள். உள்ளே வந்ததும், "ஒன்பதரைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள். "பெட்டிதான். கதவு திறக்கற நேரத்தையெல்லாம் அது எழுதி வைக்குது" என்றான். "எடுங்க அந்தப் பட்டியல. எனக்கும் காட்டுங்க" என்றாள்.

அவன் காட்டினான். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து, மடிக்கும்போது ஓரம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

"இன்னைக்குத் தேதியில முதல் வரி ஒண்ணு இருபது. அடுத்தது மூணு நாப்பது. ராத்திரி ஒரு மணிக்கு ஒருத்தன் வந்து மூணு நாப்பதுக்குப் போயிருக்கான் போல. நீங்க பக்கத்துலதானே படுத்திருந்தீங்க? அவனுக்கு வழி விட்டீங்களா?"

அவன் போனை எட்டிப் பார்த்தான்.

"கடைசி வரியப் பாருங்க. இப்ப நான் திறந்தேனே, அதுக்கு ஒன்பது முப்பதுன்னு எழுதியிருக்கு. உங்க கைக்கடிகாரத்துல என்ன மணி?"

அவன் பார்த்தான். ஒன்றரை.

நான்கு மணி நேரம். கம்பி சுற்றுகிறவனுக்குச் சுற்றை எண்ணத் தெரியும். ஒன்று இருபதோடு நான்கைக் கூட்டினான், ஐந்து இருபது. அவள் வேலைக்குக் கிளம்பிய நேரம். மூன்று நாற்பதோடு கூட்டினான், ஏழு நாற்பது. தான் கிளம்பியது. சனிக்கிழமை ஒன்பது முப்பதோடு கூட்டினான். அவள் வழக்கம்போல் வந்த ஒன்றரை.

"சனிக்கிழமை கரண்ட் போச்சு" என்றான். "நாலு மணி நேரம். பெட்டி நின்னுபோய் மறுபடி விட்ட இடத்துலேர்ந்து..."

"நான்தான் சொன்னேனே, ஃப்ரிட்ஜெல்லாம் தண்ணின்னு! எதிர் வீட்டுல சொன்னாங்க, ஒன்பதுலேர்ந்து ஒரு மணி வரைக்கும் கரண்ட் கம்பம் மாத்தினாங்களாம். அதையும் சொல்ல வந்தேன். நீங்க 'ம்'முன்னு போயிட்டீங்க." அவள் போனை அவன் மடியில் வைத்தாள். "இன்னொண்ணு பாக்கி இருக்கே. ரெண்டு பத்து. அதையும் கூட்டுங்க."

அவன் கூட்ட வேண்டியிருக்கவில்லை. ஆறு பத்து. மூன்று நாளாக அவன் யாரை நினைத்துப் பல்லைக் கடித்தானோ, யாருடைய முகத்தைத் தெருவில் தேடினானோ, அந்த ஆள் அவன்தான்.

"கடிகாரம்தான் தப்பு" என்றான். "நாளைக்கே ஒரு பேட்டரி வச்சு மணிய சரி பண்ணிடறேன்."

அதைக் கேட்டதும்தான் அவள் அழுதாள். கூடத்தில் அழவில்லை, பஸ்ஸில் அழவில்லை, இப்போது அழுதாள்.

"கடிகாரம் சரியா ஓடியிருந்தா நீங்க பண்ணது சரியாயிடுமா? கம்பெனிக்காரன் நம்மள வேவு பாத்தான்னு துடிச்சீங்க. அவன் கண்ணப் பிடுங்கினீங்க, சந்தோஷம். அந்த ஓட்டையிலேயே உங்க கண்ண வச்சு அடைச்சுட்டீங்களே! அவனுக்காவது நான் யாருன்னு தெரியாது. உங்களுக்கு இருபது வருஷமாத் தெரியும். என்னக் கேட்டீங்க, நான் சொன்னேன். நீங்க டப்பாவ நம்பினீங்க. அதுவும் நான் கழுவிக் குடுத்த டப்பா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கதவுக்கு மணி எதுக்குன்னு அன்னைக்கு நீங்கதானே கேட்டீங்க? அன்னைக்குத்தான் புத்தியோட இருந்தீங்க."

மறுநாளிலிருந்து அவள் போனைத் தட்டவில்லை. காலை ஐந்து இருபதுக்கு மோட்டாரின் பிடியை விடுவிக்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டு, குனிந்து, இரண்டு கையாலும் தோளாலும் ஷட்டரைத் தூக்கினாள். எண்பது கிலோ இரும்பு. மேலே படுத்திருக்கும் அவனுக்கு ஒவ்வொரு சட்டமும் உரசி ஏறும் சத்தம் கேட்டது. இறங்கி ஓடினான். "நான் தூக்கறேன்" என்றான். அவள் ஏற்கெனவே வெளியே போயிருந்தாள்.

இரண்டாம் நாள் டப்பாவைத் திறந்து எழுதும் வேலையை அழித்தான். பழைய பட்டியலையும் அழித்தான். அவளிடம் சொன்னான். அவள், "அழிச்சீங்களா? அங்க முப்பது பேர் காதுல இருக்கறத எப்படி அழிப்பீங்க?" என்றாள்.

மூன்றாம் நாளும் காலையில் அந்த இரும்புச் சத்தம் கேட்டது. நான்காம் நாள் கடையில் அரைநாள் கேட்டான். "என்னண்ணே, மறுபடியுமா? கதவு புதுசா என்ன எழுதிச்சு? எனக்கு எப்பப் பண்ணித் தருவீங்க?" என்றான் ரேடியோ.

"பண்ணித் தர்றேன். திறக்கும், மூடும். எழுதாது."

"எழுதாட்டி எனக்கு எதுக்கு அது?"

"அப்ப உனக்குக் கதவு வேண்டாம். டாக்டரப் பாரு. எனக்கும் அந்தச் சந்தேக நோய் இருந்தது லேட்டாத்தான் தெரிஞ்சுது."

ரேடியோ சிரிக்க வாயெடுத்தான், பிறகு குனிந்து கம்பியைச் சுற்றத் தொடங்கினான்.

சலவைக்கூடத்தில் இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. காயில்காரன் வாசலருகே நின்றான். டீச்சரம்மா பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்ன விசாரணை?" என்றார். அந்த இரண்டு பெரிய இயந்திரங்களும் நிற்கட்டும் என்று காத்திருந்தான். கால்மணி நேரம் நின்றான். அவை நின்றதும் கடைசி மேசை வரை கேட்கும்படி சொன்னான்.

"அன்னைக்கு இங்க வந்து ஒரு கேள்வி கேட்டேன். பதில் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு மணிக்கு வந்தவன் நான்தான். நான் செஞ்ச பெட்டியோட கடிகாரம் பின்தங்கிப் போச்சு. ஆனா தப்பு கடிகாரத்துல இல்ல. வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரியாம அவங்கள ஒரு பெட்டி கண்காணிக்கட்டும்னு விட்டேனே, அங்கதான் தப்பு. அது சரியான மணியச் சொல்லியிருந்தாலும் நான் பண்ணது திருட்டுத்தனம்தான். கம்பெனி பண்ணா ஒரு பேரு, புருஷன் பண்ணா ஒரு பேருன்னு கிடையாது."



டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க வீட்டுலயும் ஒருத்தர் என் போன நான் குளிக்கறப்ப எடுத்துப் பாக்கறாரு" என்றார், யாரையும் பார்க்காமல். இரண்டு மூன்று மேசைகளில் பெண்கள் தலையைத் தூக்கி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மடிப்பக்காவோடு மடிக்கும் பெண் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். விரிப்பின் ஒரு நுனி மேசையில் கிடந்தது. மடிப்பக்கா அவனைப் பார்த்தாள். மன்னித்த முகம் இல்லை அது. கண்ணடியில் நான்கு நாள் தூக்கமின்மை கறுத்துக் கிடந்தது.

"சும்மா நிக்காதீங்க. அந்த நுனியப் பிடிங்க."

அவன் பிடித்தான். பதற்றத்தில் இழுத்துப் பிடித்தான். துணி அவள் கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"இழுக்காதீங்க" என்றாள். "அந்தப் பக்கம் நான் பிடிச்சிருக்கேன்னு நம்புங்க. ரெண்டு பேர் சேந்து வாழற வீட்டுக்கு அந்த நம்பிக்கைதான் கதவு. அது இல்லன்னா எத்தன பெட்டி வச்சாலும் வீடு திறந்துதான் கிடக்கும்."